ஜப்பான் கம்பெனிக்கு மாறும்போது சம்பளம் பேசித்தரும் சேவைகள்: எது உதவும், எது உதவாது

ஜப்பானில் வேலை மாற்றித் தரும் எந்தச் சேவையில் பதிந்தாலும், பெயரும் விசா விவரமும் முடிந்த கையோடு இரண்டு கட்டங்கள் வரும். இப்போதைய நென்ஷூ எவ்வளவு? எதிர்பார்க்கும் நென்ஷூ எவ்வளவு? நென்ஷூ என்பது வரியும் பிடித்தமும் போகாத ஆண்டு மொத்தச் சம்பளம். போனஸும் அதற்குள் அடக்கம். படிவத்தில் இதை ‘மான்’ கணக்கில், அதாவது பத்தாயிரங்களில் நிரப்ப வேண்டும். 600 மான் என்றால் 60 லட்சம் யென். கடைசியில் வரும் ஆஃபர் பெரும்பாலும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் எங்காவது நிற்கும். ஆனால் அந்த எண்களை எப்படிப் போடுவது என்று சொல்லித் தரும் சேவைகள் குறைவு.

அதனால் இந்த மதிப்பீட்டில் ஒரே அளவுகோல்தான். நம் எண்ணைக் கேட்பதற்கு முன் கம்பெனி தரும் எண்ணைப் பிரித்துக் காட்டுகிறதா? செயலியின் அழகு, மின்னஞ்சல் வேகம் எல்லாம் இங்கே கணக்கில் இல்லை. டோக்கியோ வட்டாரத்தில் ஐடியிலோ பொறியியல் வேலையிலோ இருந்துகொண்டு ஜப்பானியக் கம்பெனிக்கு மாற நினைப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. நிஷி-கசாய் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களில் பலர் இதில் வருவார்கள். தொகுதேய் கினோ, அதாவது ‘குறிப்பிட்ட திறன்’ விசாவில் இருப்பவர்களுக்கு விஷயமே வேறு, அது கடைசியில்.

சேவைகளுக்குப் போகும் முன், எதிர்பார்ப்பு

கம்பெனி மாறினால் முப்பது, நாற்பது சதவீதம் ஏற்றம் என்பது சென்னை ஐடி வட்டாரத்தில் சாதாரணப் பேச்சு. அந்தக் கணக்கு இங்கே எடுபடாது. ஜப்பானின் தொழிலாளர் நல அமைச்சகம் 2023-இல் எடுத்த வேலைவாய்ப்புப் போக்குக் கணக்கில், வேலை மாறியவர்களில் சம்பளம் கூடியவர்கள் 37.2 சதவீதம், குறைந்தவர்கள் 32.4 சதவீதம், பழையபடியே இருந்தவர்கள் 28.8 சதவீதம். மாறினாலே ஏறும் என்பது விதியல்ல. அதே ஆண்டில் தனியார் துறை ஊழியரின் சராசரி ஆண்டு வருமானம் 46 லட்சம் யென் என்கிறது தேசிய வரி முகமை. அமைச்சகத்தின் ஊதியக் கணக்கெடுப்பில், நிபுணத்துவ, தொழில்நுட்ப விசாக்களில் இருந்த வெளிநாட்டவரின் மாதச் சம்பளம் சராசரியாக 2,96,700 யென். ஜப்பானியர் உட்பட முழுநேர ஊழியர் எல்லோருக்குமான சராசரி 3,18,300 யென். இவை ஓவர்டைமும் போனஸும் சேராத எண்கள். இவற்றைத் தெரிந்துகொண்டு படிவத்துக்கு வந்தால், ஏஜென்ட் சொல்லும் “சந்தை நிலவரம்” எவ்வளவு தூரம் சரி என்பது பிடிபடும்.

இந்தியக் கம்பெனி அனுப்பி டோக்கியோவில் வேலை பார்ப்பவர்கள்தான் இந்தப் படிவத்தில் அதிகம் சறுக்குகிறார்கள். உதாரணமாக ஒருவருக்கு மாதம் 3 லட்சம் யென் கையில் வருகிறது. வரியைக் கம்பெனியே கட்டுகிறது. 1,20,000 யென் வாடகையும் கம்பெனி கணக்கு. அவர் ‘இப்போதைய நென்ஷூ’ கட்டத்தில் 360 மான் என்று எழுதுவார். பன்னிரண்டு மூன்று முப்பத்தாறு, அவ்வளவுதான் என்று நினைப்பு. உண்மையில் அவர் அனுபவிப்பது கையில் 36 லட்சம், வாடகை 14.4 லட்சம், ஆக 50.4 லட்சம் யென். உள்ளூர்ச் சம்பளத்தில் இவ்வளவு கையில் நிற்க வேண்டுமானால், குடும்பம் இல்லாத, நாற்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு மொத்தச் சம்பளம் சுமார் 66 லட்சம் யென் வேண்டும். ஊரில் தொடர்ந்து வரவாகும் ரூபாய்ச் சம்பளம் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. 360 என்று எழுதியவருக்கு 450 மான் ஆஃபர் வரும். ஏஜென்ட் “இருபத்தைந்து சதவீத ஏற்றம்” என்று வாழ்த்துவார். மாதா மாதம் கையில் நிற்பதோ குறைந்துவிடும்.

சரியான எண்ணை எங்கிருந்து எடுப்பது? ஆண்டு முடிவில் கம்பெனி தரும் கென்சென் சோஷூஹ்யோ என்ற சிறிய சீட்டில், ‘ஷிஹராய் கிங்காகு’ என்ற கட்டத்தில் இருக்கும் தொகைதான் அதிகாரபூர்வமான நென்ஷூ. கம்பெனி உங்கள் வரியைத் தானே கட்டினால் அந்த வரியும் வருமானமாக இதில் சேர்ந்து தெரியும். கம்பெனி பெயரில் எடுத்த வீடு பெரும்பாலும் இதில் தெரியாது. அதைத் தனிக் குறிப்பாக எழுத வேண்டும். கூட்டிச் சொல்லிச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஆண்டின் நடுவில் மாறினால் புதிய கம்பெனி வரிக் கணக்குக்காக இதே சீட்டைக் கேட்கும்; அன்றைக்கு வெளிச்சமாகிவிடும்.

பென்ஷன் விஷயத்தையும் ஏஜென்டுகள் பேசுவதில்லை. இந்தியா, ஜப்பான் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி இந்தியக் கம்பெனி ஐந்து ஆண்டு வரைக்கும் என்று அனுப்பியவர், ஊரில் பி.எஃப். கட்டிக்கொண்டே, சான்றிதழ் காட்டி ஜப்பான் பென்ஷன் பிடித்தத்திலிருந்து விலக்குப் பெறலாம். ஜப்பானியக் கம்பெனியில் நேரடியாகச் சேர்ந்த நாளிலிருந்து அந்த விலக்கு இல்லை, சம்பளத்தில் 9.15 சதவீதம் பென்ஷனுக்குப் போகும். கம்பெனியும் அதே அளவு போடும். ஜப்பானை விட்டுக் கிளம்பிய இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பித்தால் ஒரு பகுதியை மொத்தமாகத் திரும்பப் பெறலாம். அதிகபட்சம் 60 மாதக் கணக்குதான் எடுத்துக்கொள்வார்கள். அப்படி வாங்கிவிட்டால் அந்தக் காலம் பென்ஷன் தகுதிக் கணக்கிலிருந்து அழிந்துவிடும். ஆக, பழைய சம்பளமும் புதிய சம்பளமும் மொத்தத்தில் ஒன்றாகவே இருந்தாலும் கையில் வருவது ஒன்றாக இருக்காது.

பொதுவான ஒரு அளவு: 60 லட்சம் யென் நென்ஷூவில், 2025 நிலவரப்படி டோக்கியோவில் தனியாக இருக்கும் நாற்பது வயதுக்குட்பட்டவருக்குக் கையில் நிற்பது 46 லட்சத்தை ஒட்டி. மருத்துவக் காப்பீடு சுமார் 5 சதவீதம், பென்ஷன் 9.15, வேலையின்மைக் காப்பீடு 0.55, அதற்குமேல் வருமான வரி, குடியிருப்பு வரி. நாற்பது வயதானால் முதியோர் பராமரிப்புக் காப்பீடும் சேரும். குடியிருப்பு வரி போன ஆண்டு வருமானத்தின்மீது சுமார் பத்து சதவீதம். ஜூனில் தொடங்கி அடுத்த மே வரை பிடிப்பார்கள். ஜப்பானுக்கு வந்து ஓராண்டுகூட ஆகாதவர்கள் இந்த வரி இல்லாத சம்பளச் சீட்டைப் பார்த்து எதிர்பார்ப்பை எழுதினால், அடுத்த ஜூனில் இடி விழும்.

அறிவிப்பைப் படிக்கும் விதம்: ஹலோ வொர்க் சீட்டு

அரசு நடத்தும் ஹலோ வொர்க்கை நம்மவர்கள் கண்டுகொள்வதில்லை. உயர் சம்பள வேலைகள் அங்கே குறைவு என்பது உண்மைதான். ஆனால் சம்பளத்தைப் பிரித்துக் காட்டுவதில் அதன் வேலைச் சீட்டுக்கு நிகரான அறிவிப்பை எந்தத் தனியார் தளத்திலும் காண்பது அரிது. சீட்டில் சம்பளப் பகுதி நான்காகப் பிரிந்திருக்கும்: ஏ அடிப்படைச் சம்பளம், பி மாதா மாதம் மாறாமல் தரும் படிகள், சி நிலையான ஓவர்டைம் தொகை, டி மற்றப் படிகள். மேலே பெரிய எழுத்தில் தெரியும் தொகை ஏ, பி, சி மூன்றின் கூட்டு. ஏமாறும் இடம் அதுதான்.

நிலையான ஓவர்டைம் என்பதைப் பேச்சுவழக்கில் மினாஷி ஸாங்க்யோ என்பார்கள். மாதம் 45 மணி நேர ஓவர்டைமை முன்கூட்டியே சம்பளத்தில் சேர்த்து “மாதம் 3 லட்சம்” என்று போடுவது வழக்கம். இதை உடைத்துப் பார்க்கலாம். மாத வேலை நேரம் 160 மணி, ஓவர்டைம் கூலி 1.25 மடங்கு என்றால், 3 லட்சத்தை 1.35-ஆல் வகுத்தால் அடிப்படை கிடைக்கும்: சுமார் 2,22,000 யென். இனி போனஸைப் பாருங்கள். “போனஸ் 4 மாதம்” என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் அடிப்படைச் சம்பளத்தின் 4 மாதம். 12 லட்சம் வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் 8.9 லட்சம்தான் வரும். 48 லட்சம் என்று நினைத்த நென்ஷூ 45 லட்சத்துக்குள் சுருங்கிவிடும். எத்தனை மணி நேரத்துக்கு எவ்வளவு தொகை, அந்த நேரத்தைத் தாண்டினால் கூடுதலாகத் தருவார்களா என்ற மூன்றையும் அறிவிப்பில் எழுத வேண்டியது கம்பெனியின் கடமை. இந்த மூன்றில் ஒன்று விடுபட்டிருந்தாலும் அந்த அறிவிப்பைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

சீட்டில் இன்னொரு கட்டம், ஆண்டு விடுமுறை நாட்கள். 125 நாள் விடுமுறை என்றால் மாதம் 160 மணி நேரம் வேலை. 105 நாள் என்றால் 173 மணிக்கு மேல். அதே 3 லட்சம் யென் முதலாவதில் மணிக்கு 1,875, இரண்டாவதில் 1,730 சொச்சம். சம்பளம் ஒன்றுதானே என்று விடுமுறைக் கட்டத்தைத் தாண்டிப் போனால் நஷ்டம் நமக்குத்தான்.

வெளிநாட்டவருக்கென்றே தனியாக வேலைவாய்ப்பு மையங்கள் டோக்கியோ, நகோயா, ஒசாகா, ஃபுகுவோகாவில் இருக்கின்றன. டோக்கியோ மையம் யோத்ஸுயாவில். கட்டணம் இல்லை. சம்பளம் பேசித்தர மாட்டார்கள். ஆனால் ஒரு ஆஃபர் சீட்டை எடுத்துப்போனால் எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று விளக்கிச் சொல்வார்கள். வேலை தேடப் போகாவிட்டாலும், சீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ள ஒருமுறை போகலாம்.

ஏஜென்டுகள்: இரண்டு ரகம்

ரிக்ரூட் ஏஜென்ட், டோடா போன்ற பெரிய ஜப்பானிய ஏஜென்சிகளில் வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள். உங்களோடு பேசுபவர் ஒருவர், கம்பெனியோடு பேசுபவர் வேறொருவர். வேலைகளின் எண்ணிக்கை மலைக்க வைக்கும். ஜப்பானிய மொழித் தேர்வில் என்2 அளவுக்காவது மொழி தெரிந்திருந்தால் பயன் அதிகம். சம்பள விஷயத்தில் குறை என்னவென்றால், நீங்கள் அரைமணி நேரம் விளக்கிச் சொன்னது மறுபக்கத்துக்கு ஒரு எண்ணாகத்தான் போய்ச் சேரும். “70 லட்சம் கிடைத்தால் நல்லது, 62-க்குக் கீழே யோசிக்க வேண்டும்” என்று வாயால் சொன்னால், கடைசியில் 62 மட்டும் மிஞ்சும் ஆபத்து உண்டு. இந்த ரகச் சேவையைப் பயன்படுத்தும் வழி, எல்லாவற்றையும் மின்னஞ்சலில் மூன்றே வரியில் எழுதுவது. இப்போது இவ்வளவு, அதில் போனஸ் இவ்வளவு, வீடு தனி. விரும்புவது இவ்வளவு. காரணம் இது. கீழ் வரம்பைக் கேட்டால், விரும்பும் தொகைக்கு மிக அருகில் சொல்லுங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் பேரம் உங்களோடுதான் நடக்கும்.

ஜேஏசி ரிக்ரூட்மென்ட், ராபர்ட் வால்டர்ஸ் போன்றவற்றில் கம்பெனியோடும் உங்களோடும் பேசுவது ஒரே ஆள். “அந்தத் துறையில் எந்த கிரேடுக்கு ஆள் எடுக்கிறார்கள், அதன் உச்சவரம்பு என்ன?” என்று கேட்டால் நேரடிப் பதில் கிடைக்கும். இரு மொழி தெரிந்தவர்களுக்கான வேலைகளும் அதிகம். ராபர்ட் வால்டர்ஸ் ஆண்டுதோறும் வெளியிடும் சம்பளக் கணக்கெடுப்பைப் பார்க்கலாம். ஆனால் அது பன்னாட்டுக் கம்பெனிகளையும் இரு மொழி ஊழியர்களையும் ஒட்டிய எண். அதைத் தூக்கிக்கொண்டு ஒரு மாவட்டத்து எந்திர உதிரிபாகத் தொழிற்சாலைக்குப் போனால் பேச்சே நின்றுவிடும்.

எந்த ரகமானாலும் ஏஜென்டின் வரவு எங்கிருந்து என்று புரிந்துகொண்டால் அவர் ஏன் அப்படிப் பேசுகிறார் என்பது தெரியும். உங்களிடம் காசு வாங்குவதில்லை; கம்பெனி உங்கள் முதலாண்டு நென்ஷூவில் வழக்கமாக 30 முதல் 35 சதவீதம் தருகிறது. 60 லட்சத்துக்கு 35 சதவீதம் 21 லட்சம் யென். உங்களுக்காகச் சண்டை போட்டு 63 லட்சமாக ஏற்றினால் அவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஒரு லட்சம் சொச்சம். பேச்சு முறிந்தால் போவது 21 லட்சம். “இதற்கு மேல் கேட்டால் ஆஃபர் போய்விடும்” என்று ஏஜென்ட் சொல்லும்போது இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். சில நேரம் அவர் சொல்வது நிஜம். பல நேரம் அது அவருடைய பயம்.

இந்தக் கட்டணம் ‘ரிரோன் நென்ஷூ’ என்ற தொகையின்மீது கணக்கிடப்படுகிறது: போனஸ் முழுதாக வந்தால் ஓராண்டில் என்ன வரும் என்ற கோட்பாட்டு எண். உங்களுக்குச் சொல்வதும் அதுவே. ஆனால் முதலாண்டு அது வராது. 60 லட்சத்தைப் பதினாறாகப் பிரித்து மாதம் 3,75,000, கோடையிலும் குளிர்காலத்திலும் 7,50,000 வீதம் போனஸ் என்று வைப்போம். அக்டோபர் 1-இல் சேர்ந்தால் டிசம்பர் போனஸின் மதிப்பீட்டுக் காலத்தில் நீங்கள் கம்பெனியிலேயே இல்லை. ஒன்றும் வராது, அல்லது ‘சுன்ஷி’ என்று கைச்செலவு மாதிரி ஏதோ தருவார்கள். முதல் பன்னிரண்டு மாதத்தில் வருவது 52.5 லட்சம். இதே 60 லட்சத்தை ‘நென்போ’ முறையில், அதாவது ஆண்டுக்கென்று நிர்ணயித்த சம்பளமாக, போனஸ் உட்பட உறுதி என்று எழுதித் தந்தால் கதை வேறு. ஆஃபர் வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: போனஸ் உறுதியானதா, செயல்திறனைப் பொறுத்ததா, முதல் போனஸ் எந்த மாதம், எத்தனை சதவீதம்?

பழைய கம்பெனியின் போனஸும் இதோடு சேர்ந்ததுதான். பணம் தரும் நாளில் ஊழியர் பட்டியலில் இருந்தால்தான் தருவோம் என்ற விதி பல கம்பெனிகளில் உண்டு. போனஸ் கைக்கு வந்த பிறகு ராஜினாமாவைச் சொல்வது இங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளாத நடைமுறை.

ஸ்கவுட் தளமும் டெவலப்பர் தளங்களும்

பிஸ்ரீச் முறையில் நீங்கள் விவரக்குறிப்பைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். கம்பெனிகளும் ஏஜென்டுகளும் தேடி வருவார்கள். இங்கே இப்போதைய நென்ஷூ கட்டம்தான் சல்லடை. மேலே சொன்ன 360 மான் தப்பை இங்கே செய்தால், வரும் அழைப்புகளின் தரமே இறங்கிவிடும். அழைப்பு அனுப்பியது கம்பெனியா ஏஜென்டா என்று முதலில் பாருங்கள். ஏஜென்ட் அழைப்பில் “1,200 மான் வரை” என்று இருப்பது அந்தப் பதவியின் உச்சவரம்பு, உங்களுக்கான தொகையல்ல.

மென்பொருள் எழுதுபவர்களுக்கு டோக்கியோதேவ், ஜப்பான்தேவ் இரண்டும் சம்பளப் பேச்சைப் பாதி மிச்சப்படுத்துகின்றன. ஆங்கிலத்தில் வேலை, ஜப்பானிய மொழி வேண்டுமா வேண்டாமா, ஜப்பானுக்கு வெளியிலிருந்து விண்ணப்பிக்கலாமா என்பதோடு பல அறிவிப்புகளில் சம்பள வரம்பும் வெளிப்படையாக இருக்கும். கம்பெனிகளின் எண்ணிக்கை குறைவு. ஆனால் ‘எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்’ என்ற கேள்விக்கு உங்கள் பழைய சம்பளத்தை வைத்து இல்லாமல், அவர்களே போட்ட வரம்பை வைத்துப் பதில் சொல்லலாம். வரம்புக்குள் மினாஷி ஸாங்க்யோ ஒளிந்திருக்கிறதா என்பதை மட்டும் முதல் பேச்சிலேயே கேட்டுவிட வேண்டும். ஆங்கில அறிவிப்பில் அது இருக்காது என்பது மூடநம்பிக்கை.

ஓப்பன்வொர்க் வேலை தரும் தளம் என்பதைவிட வேவு பார்க்கும் தளம். ஊழியர்களே தங்கள் ஆண்டுச் சம்பளத்தை அடிப்படை, ஓவர்டைம், போனஸ் என்று பிரித்து எழுதியிருப்பார்கள். ஜப்பானிய மொழியில் இருந்தாலும் எண்களைப் படிக்கத் தடையில்லை. ஒரு கம்பெனியில் 32 வயதுக்காரர்கள் எல்லோரும் 55 லட்சத்துக்கும் 60 லட்சத்துக்கும் நடுவில் இருந்தால், அங்கே போய் 75 கேட்பது நேர விரயம். வயதுக்கேற்ற கிரேடு அட்டவணை இன்னும் உயிரோடிருக்கும் கம்பெனி அது என்று புரிந்துகொள்ளலாம்.

ஆஃபர் மேஜையில்

கிரேடு அட்டவணை உள்ள கம்பெனியில் தொகையைப் பேரம் பேசிப் பயனில்லை. மனிதவளத் துறைக்காரர் நினைத்தாலும் அட்டவணையைத் தாண்ட முடியாது. பேச வேண்டியது கிரேடைப் பற்றி. “இதே வேலையை ஒரு கிரேடு மேலே பார்க்க என்ன தகுதி வேண்டும், என் அனுபவத்தில் எது குறைகிறது?” என்று கேட்டால் பதில் வரும். கிரேடு நகராவிட்டால் சேரும்போது ஒருமுறை தரும் தொகை, கம்பெனி பெயரில் வீடு, அடுத்த சம்பள மறுஆய்வு மாதம் என்று மூன்று கதவுகள் இருக்கின்றன. இவற்றில் வீடுதான் பெரிய லாபம். வீட்டுப்படியாகப் பணம் தந்தால் அதற்கு வரி உண்டு. கம்பெனியே வீட்டை வாடகைக்கு எடுத்து, விதிப்படி கணக்கிடும் வாடகையில் பாதிக்கு மேல் உங்களிடம் பிடித்தால் மிச்சத்துக்கு வரி இல்லை. போக்குவரத்துப் படிக்கு மாதம் 1,50,000 யென் வரை வருமான வரி இல்லை. காப்பீட்டுக் கணக்கில் மட்டும் அது சேரும்.

பேசும் நேரம் கடைசி நேர்காணலுக்குப் பின், எழுத்துபூர்வ ஆஃபரை ஏற்கும் முன். அந்தச் சன்னல் சில நாட்கள்தான் திறந்திருக்கும். ஒருமுறை கேட்கலாம், காரணத்தோடு கேட்கலாம். ஏற்றுக்கொண்டபின் மறுபடி ஆரம்பித்தால் சம்பளத்தைத் தாண்டி நம்பிக்கையே போய்விடும். கையெழுத்துக்கு முன் ரோதோ ஜோகென் த்ஸூசிஷோ என்ற வேலை நிபந்தனைத் தாளை வாங்குங்கள். பயிற்சிக் காலத்தில் சம்பளம் குறைகிறதா, ஒப்பந்தம் காலவரம்புள்ளதா, 2024 ஏப்ரல் முதல் கட்டாயமாகியிருக்கும் ‘வேலையும் இடமும் எதுவரை மாறலாம்’ என்ற வரியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். “கம்பெனி குறிப்பிடும் எந்த இடமும்” என்றிருந்தால் டோக்கியோ வாடகையை வைத்துப் போட்ட சம்பளக் கணக்கெல்லாம் நாளை ஹொக்கைடோவில் உட்கார்ந்து மறுபடி போட வேண்டியிருக்கும்.

ஊரில் இருக்கும் பெற்றோரை வரிச் சலுகைக்குக் காட்டுபவர்கள் புதிய கம்பெனியிலும் அதே தாள்களைத் தர வேண்டும். 2023 முதல் 30 முதல் 69 வயது வரையுள்ள, வெளிநாட்டில் வாழும் உறவினருக்குப் பெரும்பாலும் ஆளுக்கு ஆண்டுக்கு 3,80,000 யென் அனுப்பிய ஆதாரம் வேண்டும். அப்பா கணக்குக்கு மொத்தமாக அனுப்பிவிட்டு அம்மா பெயரையும் எழுதினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

விசா சம்பளத்தைத் தொடும் இடம்

பெரும்பாலான ஏஜென்டுகள் தடுமாறுவது இங்கேதான். உயர்திறன் விசா (முதல் வகை) வைத்திருப்பவருக்கு அது அந்தக் கம்பெனியோடு கட்டப்பட்டது. மாறும்போது புதிதாக அனுமதி வாங்கிய பிறகே புதிய இடத்தில் வேலையைத் தொடங்க வேண்டும். இந்த விசாவுக்கான புள்ளிக் கணக்கில் ஆண்டுச் சம்பளத்துக்கும் வயதுக்கும் முடிச்சு உண்டு. 36 வயதுக்காரருக்கு 60 லட்சம் யென் என்றால் 20 புள்ளி. 59 லட்சம் என்றால் பூஜ்யம். நாற்பது தாண்டியவருக்கு 80 லட்சத்துக்குக் கீழே சம்பளப் புள்ளியே இல்லை. உறுதியில்லாத ஓவர்டைம் இந்தக் கணக்கில் சேராது. 70 புள்ளியோடு மூன்று ஆண்டிலோ 80 புள்ளியோடு ஓராண்டிலோ நிரந்தர வசிப்பு அனுமதிக்குக் காத்திருப்பவருக்கு அந்த ஒரு லட்சம்தான் எல்லாம். இதை ஏஜென்டிடம் சொல்லிக் கேட்டால், 59-ஐ 60 ஆக்கிக் கொடுக்கக் கம்பெனிகள் சாதாரணமாகத் தயங்குவதில்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தோன்றாது.

இந்தியக் கம்பெனி அனுப்பிய ‘கம்பெனிக்குள் இடமாற்றம்’ விசாவில் இருப்பவர் அதே விசாவில் வேறு கம்பெனிக்குப் போக முடியாது; விசா வகையை மாற்ற வேண்டும். பொறியியல், மனிதவியல் விசாவில் ஏற்கெனவே இருப்பவர், வேலையின் தன்மை மாறாவிட்டால், விலகிய 14 நாளுக்குள்ளும் சேர்ந்த 14 நாளுக்குள்ளும் குடிவரவு முகமைக்குத் தெரிவித்தால் போதும். ஜனவரி முதல் மே வரைக்குள் விலகினால், மே வரை மிச்சமிருக்கும் குடியிருப்பு வரியைக் கடைசிச் சம்பளத்தில் மொத்தமாகப் பிடித்துவிடுவார்கள். அந்த மாதச் செலவுக்குக் கையில் காசு வையுங்கள்.

தொகுதேய் கினோ விசாவில் இருப்பவர்களுக்கு

முதியோர் பராமரிப்பு, உணவுத் தயாரிப்பு, விவசாயம் போன்ற துறைகளில் இந்த விசாவோடு இருப்பவர்களும் ஒரே துறைக்குள் கம்பெனி மாறலாம். இவர்களைக் குறிவைத்துச் சமூக ஊடகத்தில் வரும் சேவைகளுக்கு எங்கள் மதிப்பீடு சுருக்கமானது: உரிம எண்ணைக் கேளுங்கள். டோக்கியோ உரிமம் 13 என்று தொடங்கும். நடுவில் ‘யூ’ என்ற ஜப்பானிய எழுத்து இருக்கும். இந்த வேலைகளில் சேரும் ஊழியரிடம் கட்டணம் கேட்பது சட்டப்படி கூடாது. “சேர்ந்தால் உங்களுக்கு வாழ்த்துப் பணம்” என்று ஆசை காட்டுவதும் தடைசெய்யப்பட்டதே. கேட்பவரையும் கொடுப்பவரையும் ஒரே மாதிரி ஒதுக்குங்கள்.

2023 கணக்கெடுப்பில் இந்த விசாக்காரர்களின் மாதச் சராசரி 1,98,000 யென். டோக்கியோவில் குறைந்தபட்சக் கூலி 2025 அக்டோபர் முதல் மணிக்கு 1,226 யென்; 160 மணி நேரத்துக்கு 1,96,160. ஆகவே டோக்கியோவில் “மாதம் 2 லட்சம்” என்ற விளம்பரம் சட்டம் சொல்லும் தரைமட்டத்தை லேசாகத் தாண்டியதுதான். 173 மணி நேர வேலை என்றால் சட்டத்துக்கே கீழே. கம்பெனி மாற விசா மாற்ற அனுமதி வாங்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அது கைக்கு வரும் வரை புதிய இடத்தில் வேலை செய்யக் கூடாது. பழைய வேலையை முதலிலேயே விட்டுவிட்டு இரண்டு மாதம் சும்மா இருந்தால் போவது சுமார் 4 லட்சம் யென். புதிய இடத்தில் மாதம் 15,000 கூடுதல் என்றால், அந்த நஷ்டத்தை எடுக்கவே இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும்.